வெளிச்சத்தை வாசிக்கப் பழகுவோம்

ஒரு காலத்தில் படம் பிடிப்பதென்றால் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். வீட்டில் கமரா இருந்தாலும் பிலிம் ரோல் ஒன்றில் 36 படங்களுக்கு மேல் கிடையாது. கழுவவும் பிரதி எடுக்கவும் செலவு. அதனால் யோசித்துத்தான் பொத்தானை அழுத்தினார்கள். இன்று கையடக்கத் தொலைபேசி புகுந்த வீடெல்லாம் கமரா புகுந்த வீடுதான். ஒரு பெருநாளைக்கு முந்நூறு படங்கள் எடுக்கின்றோம். அவற்றுள் அடுத்த பெருநாளைக்கு எடுத்துப் பார்க்கத் தகுந்தவை எத்தனை?

இதைச் சின்ன விடயமென்று தள்ளிவிடக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல உடுத்த உடையோடு வந்தன. அல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்து போயின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிழக்குக் கரையில் வீட்டோடு படங்களும் போயின. மரணித்த உம்மாவின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லாத வீட்டில்தான் ஒரு நல்ல படத்தின் பெறுமதி தெரியும்.

புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசகியர் அறிவீர்கள். எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ, கமரா புதிதாய் ஓர் உருவத்தைப் படைப்பதில்லை, இருக்கும் நிழலைப் பிடித்து வைக்கின்றது என்று விளக்கி அதனை அனுமதித்தார். கூடாதென்போரும் உள்ளனர். அந்த விவாதம் இங்கு நமது பொருளல்ல. எடுப்பவர்கள் திருத்தமாக எடுக்கப் பழக வேண்டும் என்பதே நமது பேச்சு.

முதலில் ஒளி

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம், 11ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கின்றோம் என்பது அன்று பலரின் எண்ணம். இல்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகின்றது என்று அவர் நிறுவினார். இருட்டறையின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. இன்றைய கமராவும் துவாரம் வைத்த ஓர் இருட்டறைதான்.

ஆகவே படம் எடுக்குமுன் "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகின்றது?" என்று கேளுங்கள். நம் நாட்டில் நண்பகல் வெயில் தலைக்கு நேர் மேலிருந்து விழும். கண்குழிகள் கறுத்து, மூக்கின் கீழ் நிழல் தங்கும். காலை எட்டு மணிக்கு முன்னும் அஸருக்குப் பின்னும் வெயில் சாய்ந்து மென்மையாகும். நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆட்களை விறாந்தை நிழலுக்கு அழையுங்கள். வீட்டுக்குள் என்றால் யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தி, மின்விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் மின்விளக்கும் கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் விழும்.

வெள்ளை ஜுப்பாவும் கறுப்பு அபாயாவும்

நம் வீட்டுப் படங்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. கமராவின் ஒளியளவி, தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கணக்குப் போடுகின்றது. வெள்ளை ஜுப்பா படத்தை நிறைத்தால் "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். ஜுப்பா அழுக்கேறியதுபோல் தெரியும், முகம் கறுக்கும். கறுப்பு அபாயா நிறைத்தால் கூட்டிவிடும், முகம் வெளிறிப்போகும்.

பரிகாரம் எளிது. தொலைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். குவியமும் ஒளியளவும் முகத்துக்கு ஏற்ப அமையும். பல தொலைபேசிகளில் அப்போது ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தி, முகம் இயல்பாய்த் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

படம் ஏன் கலங்குகின்றது?

வெளிச்சம் குறைந்தால் கமரா தன் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும். அசையாதிருப்பவரை ஒரு செக்கனின் 60இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கலாம். ஓடும் குழந்தைக்கு 250இல் ஒரு பங்கோ அதிலும் குறைவோ வேண்டும். இரவில் அது கிடைக்காது. ஆகவே குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். முழங்கைகளை விலாவோடு அணைத்துப் பிடியுங்கள். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதை விட இரண்டடி முன்னே நடப்பது நல்லது. ஆனால் மிக நெருங்கினால் மூக்குப் பெருத்துத் தெரியும். சமையலறையில் கிடந்த தொலைபேசியா? முதலில் வில்லையை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிக் கலக்கம் எண்ணெய்ப் பிசுக்கால்தான்.

எதைக் காட்டப் போகின்றோம்?

கைமுறை தெரிந்தால் போதாது, பார்வையும் வேண்டும். கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900-1944) நம் நாட்டு மனிதரையும் மண்ணையும் ஒளியும் நிழலுமாகக் கண்டு படமாக்கினார். அவருக்குக் கிடைத்த அதே வெயில்தான் நம் முற்றத்திலும் விழுகின்றது.

"இந்தப் படம் எதைப் பற்றியது?" என்பதற்கு ஒரே சொல்லில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உதவாததைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். பின்னால் தொங்கும் துவாய், தலையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கும் கம்பம், ஓரத்தில் பாதியாய் வெட்டுண்ட ஆள் எல்லாம் ஓர் அடி நகர்ந்தால் மறையும். குழந்தையை நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். குனிந்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள்.

முகம் காட்ட விரும்பாத மூத்தம்மாவுக்கும் படமுண்டு. பன்பாய் இழைக்கும் விரல்கள், வட்டிலப்பத்துக்குத் தேங்காய் பிழியும் கை, தஸ்பீஹ் மணியில் நிற்கும் பெருவிரல். பல சமயம் முகத்தை விட அவை அதிகம் பேசும்.

ஒரு மாதப் பயிற்சி

முதல் வாரம், ஒரு கோப்பையை ஒரே யன்னலோரம் வைத்துக் காலை, நண்பகல், அஸர், மாலை என்று நான்கு நேரமும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாம் வாரம், ஒரே பொருளைப் பத்துக் கோணங்களில் எடுங்கள். மூன்றாம் வாரம், வீட்டில் வேலை செய்யும் கைகளை மட்டும் எடுங்கள். நான்காம் வாரம் எடுக்க வேண்டாம். எடுத்தவற்றுள் ஐந்தைத் தெரிந்து, மற்றவை ஏன் தேறவில்லை என்று எழுதிப் பாருங்கள். அதிகம் கற்பிப்பது இந்த நான்காம் வாரம்தான்.

படமும் ஓர் அமானிதம்

கேட்காமல் எவரையும் எடுக்காதீர்கள். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்தது அந்தச் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒருமுறை பகிர்ந்தால் திருப்பி எடுக்க முடியாது.

நல்ல படங்களைத் தொலைபேசிக்குள் மட்டும் விட்டு வைக்காதீர்கள். அது உடைந்தால் எல்லாம் போகும். ஆண்டுக்கு ஒரு பத்தையாவது அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். வீட்டில் மூத்தவர் எவரின் படம் இன்னும் எடுக்கப்படவில்லை என்று இன்றே யோசியுங்கள். அவர் சம்மதித்தால், நாளைக் காலை யன்னலோரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை இருக்கச் சொல்லுங்கள்.