உங்களுக்குத் தெரியுமா? விளிம்பிலும் வேகம் குறையாத ஆன்ட்ரோமெடா

சூரியனை ஒட்டிச் சுற்றும் புதனின் வேகம் நொடிக்கு 47 கி.மீ. தொலைவிலுள்ள நெப்டியூனுக்கோ வெறும் 5 கி.மீ.தான். விலகிப் போகப் போக ஈர்ப்பு தளரும்; வேகமும் குறையும். ஆன்ட்ரோமெடா விண்மீன் திரளிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அங்கே ஒளிரும் வாயு மேகங்களின் வேகத்தை அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து 1970இல் வெளியிட்டார்கள். விளிம்பை நெருங்கியும் வேகம் பெரிதாகக் குறையவில்லை! கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால், அவை எப்போதோ சிதறி ஓடியிருக்க வேண்டும். இழுத்துப் பிடித்திருப்பது ஒளியை உமிழாத, உறிஞ்சாத கரும்பொருள் என்பதே பெரும்பாலான வானியலாளர்களின் கணிப்பு. பிரபஞ்சத்தில் அது சாதாரணப் பொருளைப்போல் சுமார் 5 மடங்கு. எதனால் ஆனது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ரூபினுக்கு நோபல் பரிசு கொடுக்காமலே விட்டுவிட்டார்கள்; சிலி நாட்டு மலையுச்சியில் ஒரு பெரிய வானாய்வகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.