பண்டிகை மலிவும் புதிய கைத்தொலைபேசியும்

கார்த்திகை பிறந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடுகிறது. வாதி, பல்கலைக்கழகத்திற் பயிலும் மகனோ மகளோ. பிரதிவாதி, மாதச் சம்பளத்தில் வாழும் தந்தை. “புதிதாக வந்திருக்கும் உயர்தரக் கைத்தொலைபேசி இப்பொழுதே வேண்டும்” என்பது ஒரு கட்சி. “நத்தார் மலிவு வரட்டும், பார்ப்போம்” என்பது மறு கட்சி. நீதிபதியாக அமர்ந்த தாயோ தீர்ப்பை ஒத்திவைத்துக்கொண்டே போகிறார். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு ஒரே நாளிற் கைமாறும் விடயமாதலின், இவ்வழக்கை விளையாட்டாகக் கருதுதல் தகாது. இரு கட்சியின் நியாயங்களையும் நாம் சற்று ஆராய்வோம்.

காத்திருப்போர் பக்கத்தில் வலிமை மிக்க சான்றொன்று உண்டு. 2007ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி, அமெரிக்காவில் அப்பிள் நிறுவனத்தின் முதலாவது ஐபோன் விற்பனைக்கு வந்தது. கடை வாயில்களிற் காத்துக் கிடந்து, 599 டொலர் கொடுத்து அதனை வாங்கியோர் பலர். பத்து வாரங்கள் நிறைவெய்துமுன், செப்டெம்பர் 5ஆந் திகதி, அதே கருவியின் விலை 399 டொலராயிற்று. விலையில் மூன்றிலொரு பங்கு மறைந்தது! முந்தி வாங்கியோர் கொதித்தெழுந்தனர். மறுநாளே நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமொன்று வெளியிட்டார். ஆண்டிறுதிப் பண்டிகை விற்பனையை எண்ணியே விலை குறைக்கப்பட்டதென விளக்கிய அவர், முந்தி வாங்கியோர்க்கு 100 டொலர் பெறுமதியான கடன்வரவு அளிக்க முன்வந்தார். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா என்னும் நம் பழமொழியை அன்று அமெரிக்கர் பலர் அனுபவத்தால் அறிந்திருப்பர்.

பண்டிகை மட்டுமன்று, புதிய மாதிரியின் வருகையும் பழையதன் விலையைத் தாழ்த்தும். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐபோன் 15 வெளிவந்ததும், 799 டொலராக இருந்த ஐபோன் 14 அமெரிக்காவில் 699 டொலருக்கு இறங்கிற்று. சம்சுங் நிறுவனத்தின் கலக்ஸி எஸ் வரிசையோ பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்திலே புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே நத்தாருக்கு அதனை வாங்குபவர், சில வாரங்களில் அது பழைய மாதிரியாகிவிடும் என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

இனி, மறு கட்சியின் நியாயத்தையுங் கேட்போம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் நம் நாட்டில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டிற்று. சித்திரைப் புத்தாண்டு மலிவை எதிர்பார்த்துப் பணத்தைப் பூட்டி வைத்தவரின் நிலை யாதாயிற்று? வெளிநாட்டிலிருந்து வரும் பொருளின் விலை நாணயத்தின் பின்னே செல்வது. ரூபா வீழ்கையில், கடைக்காரர் அளிக்கும் பத்து வீதக் கழிவு எம்மாத்திரம்?

வேறொரு நட்டமும் உண்டு. 2024ஆம் ஆண்டு வெளியான கலக்ஸி எஸ் 24 மாதிரிக்கு ஏழாண்டுக் காலம் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் வழங்கப்படுமென்று சம்சுங் உறுதியளித்தது. அக்காலம் மாதிரி வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் வாங்கும் நாளிலிருந்தன்று. ஓராண்டு காத்திருந்தால் ஏழில் ஒன்று நமக்கில்லை.

மலிவெல்லாம் மெய்யான மலிவுமல்ல. விலையை முதலில் உயர்த்திப் பின்னர் குறைத்துக் காட்டும் தந்திரம் வணிகத்திற்குப் புதிதன்று. இதனைத் தடுக்கவே, கழிவு அறிவிக்கும் வணிகர் முந்திய 30 நாட்களிலிருந்த ஆகக் குறைந்த விலையையுங் காட்டுதல் வேண்டுமென்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022ஆம் ஆண்டு மே 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய காவல் இல்லாதவிடத்து நாமே நமக்குக் காவலராதல் வேண்டும். விரும்பிய கருவியின் விலையை ஒரு மாதம் முன்னரே இரண்டு மூன்று கடைகளிற் கேட்டுக் குறித்து வைப்பது, எந்த விளம்பரத்தினும் நம்பத்தக்கது. தவணை முறையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் நோக்காது, முழுத் தொகையையும் கூட்டிப் பார்த்தல் நன்று. பெட்டியிலுள்ள 15 இலக்க அடையாள எண்ணை 1909 என்னும் இலக்கத்திற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவானதா என அறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

அங்ஙனமாயின் தீர்ப்பு யாது? கையிலுள்ள பழைய கருவியே அதனைச் சொல்லும். அது இன்னும் உழைக்குமாயின், காத்திருப்பதால் இழப்பொன்றுமில்லை. புதிய மாதிரி வெளிவரும் வரை ஆறியிருக்கலாம். அது பழுதுற்று மாணவரின் பாடத்திற்கே தடையாகுமாயின், நத்தார்வரை படிப்பைக் காக்கவைத்தல் சிக்கனமாகாது, உடனே வாங்குக. ஆயின் அப்பொழுதும் ஆக உயர்ந்த மாதிரிதான் வேண்டுமென்பதில்லை. சென்ற ஆண்டின் உயர்தர மாதிரியோ, நடுத்தர விலையுள்ள ஒன்றோ மாணவர்க்குப் பெரும்பாலும் போதுமானது.

தேவையில்லாத பொருளை அரை விலைக்கு வாங்கியவர் அரை விலையைச் சேமித்தவரல்லர். அரை விலையை இழந்தவரே. தந்தையரும் மைந்தரும் இதனை உணர்ந்துவிட்டால், ஒத்திவைத்த தீர்ப்பைத் தாய்மார் இன்றே வழங்கிவிடலாமன்றோ?