நடக்காததை மூளை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவரின் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள இவருடைய சங்கிலியை இரவல் வாங்கிப் போனார். சங்கிலி திரும்பி வரவில்லை. கேட்டுவிடலாம் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. முதலில் அந்தப் பேச்சை மட்டும் தவிர்த்தார். பிறகு அவருடைய போனை எடுப்பதைத் தவிர்த்தார். இப்போது அவர் வரக்கூடிய காதுகுத்து, வளைகாப்பு எதற்கும் இவர் போவதில்லை. “போகாமல் இருக்கும்வரை நிம்மதியாகத்தான் இருக்கிறது. இது என் கோழைத்தனமா, மூளையில் ஏதாவது கோளாறா?” என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. கற்கும் திறன் நன்றாக உள்ள மூளைதான் இப்படி மாட்டிக்கொள்ளும். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வகங்களில் அலசப்பட்ட விஷயம் இது. ஆனால் போனில் தேடினால் வேறு சரக்குதான் கிடைக்கிறது: ‘அமிக்டலாவை அணைக்கும் மூச்சுப் பயிற்சி’, ‘21 நாளில் துணிச்சல்’. அந்த 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறக்குறைய அத்தனை நாள் ஆனதாக அவர் எழுதினார், அவ்வளவுதான். லண்டன் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரு பழம் சாப்பிடுவது போன்ற எளிய பழக்கம் படியவே ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. அமிக்டலா கதையும் அப்படித்தான். மூளையின் அந்தப் பகுதியின் வேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நரம்பியலாளர் ஜோசப் லெடூவே, அதைப் ‘பயத்தின் மையம்’ என்று அழைக்காதீர்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-ல் தவிர்ப்பை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் ஏதோ ஓர் அடையாளத்தோடு பயம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது படியில் நாம் விலகுகிறோம், பயம் தணிகிறது, ‘அப்பாடா’ என்ற அந்தத் தணிவே பரிசாகிவிடுகிறது. பரிசு கிடைத்த செயல் மீண்டும் நடக்கும். இந்தக் கொள்கைக்குப் பின்னால் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை ஓட்டம் நிற்கிறது. அதைவிடச் சுவையான இடத்துக்குப் போவோம்.

1953-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் சாலமன், லியோன் காமின், லைமன் வின் ஆகியோர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. இரண்டு அறைகள் கொண்ட பெட்டி, நடுவில் நாயின் தோள் உயரத்துக்கு ஒரு தடுப்பு. ஓர் எச்சரிக்கை அடையாளம் தோன்றும். பத்து விநாடியில் தரைக் கம்பிகளில் மின்சாரம் பாயும். அடையாளம் தெரிந்ததுமே அடுத்த அறைக்குத் தாண்டிவிட்டால் ஷாக் கிடையாது. சில ஷாக்குகளிலேயே நாய்கள் இதைக் கற்றுக்கொண்டன. அதன்பின் ஆய்வாளர்கள் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். நாய்களுக்கு அது எப்படித் தெரியும்? நாளுக்குப் பத்து தடவையாக 200 தடவை அடையாளம் காட்டிய பிறகும் தாண்டுவது ஓயவில்லை. நாட்கள் போகப்போக இன்னும் சீக்கிரமாகத் தாண்டின.

இதில் கவனிக்க வேண்டியது நாய்களின் முகம். தொடக்கத்தில் இருந்த நடுக்கமும் ஊளையும் போய்விட்டன. சாவகாசமாகத் தாண்டின. நம் வாசகி சொல்லும் நிம்மதி இதுதான். பயம் வெளியே தெரியாததால், தாண்ட வேண்டிய அவசியம் இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை.

மணி அடித்துச் சோறு போடாமல் விட்டால், நாளடைவில் நாய்க்கு எச்சில் ஊறுவது நின்றுவிடும் என்று பாவ்லோவ் காட்டியது பள்ளிப் பாடம். அப்படியானால் 200 தடவை ஷாக் வராத பிறகு பயமும் அணைந்திருக்க வேண்டுமே? இந்த முடிச்சு அவிழும் விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஷாக் வராமல் போகும் அந்தப் பத்தாவது விநாடியில் நாய் அங்கே இல்லை. இரண்டாவது, மூன்றாவது விநாடியிலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டது. ‘தாண்டினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது மட்டுமே அதன் அனுபவம். மின்சாரம் நின்றுவிட்டதா, தாண்டியதால் தப்பித்தோமா? இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். அதைத்தான் பழக்கம் விடாது.

வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய நாளிலிருந்து வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, ஆகவே அதுதான் காத்தது. கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் யார் கழற்றுவார்கள்? அழுகிச் சொட்டினால் புதிதாக ஒன்று வாங்கிக் கட்டுவோம். அது அழுகியதே வந்த கண்ணை வாங்கிக்கொண்டதற்குச் சாட்சி என்போம். தவிர்ப்பும் இப்படியே தன்னைத் தானே நிரூபித்துக்கொள்கிறது. கட்டி வைத்த இடம் போதாமல் பின்வாசலுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று பெருகவும் செய்யும். சங்கிலிப் பேச்சில் தொடங்கியது வளைகாப்பு வரை வந்தது இப்படித்தான். சிலர் துணிந்து பூசணிக்காயைக் கழற்றுவார்கள், ஆனால் பக்கத்திலேயே ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். பேச வேண்டியதைப் பேசிவிட்டு, “சும்மாதான் கேட்டேன், அவசரமில்லை” என்று உடனே ஒட்டவைப்பது அந்த எலுமிச்சம்பழம். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991-ல் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயரிட்டு அலசினார். நல்லபடியாக முடிந்தால் பெருமை எலுமிச்சைக்குப் போய்விடும், மூளைக்குப் புதிதாக ஒன்றும் சேராது.

நாய்களை மாற்ற சாலமன் குழு இரண்டு வழிகளை முயன்றது. தாண்டிப்போகும் அறையில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான நாய்கள் இன்னும் வேகமாக அந்த ஷாக்கை நோக்கியே தாண்டின! பிரச்சினையிலிருந்து நழுவும் பிள்ளையையோ ஊழியரையோ திட்டித் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துத் தாண்டவே முடியாமல் செய்தார்கள். சில நாய்கள் மாறின. ஆனால் கண்ணாடி மட்டும் பெரும்பாலானவற்றுக்குப் போதவில்லை. மனிதர்களிடம் இந்த வழி பிற்பாடு பலித்தது. 1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர், விடாமல் கழுவுவது போன்ற சடங்குகளில் சிக்கிய இரண்டு நோயாளிகளை, செவிலியர் துணையோடு பயத்தின் முன் நிறுத்தி, சடங்கைச் செய்யாமல் இருக்க வைத்தார். எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்று உலகெங்கும் தரப்படும் சிகிச்சையின் தொடக்கம் அது.

சும்மா நின்றால் மட்டும் ஏன் போதாது? கற்றல் நடக்க ஆச்சரியம் வேண்டும். ‘வரும்’ என்று திடமாக எதிர்பார்த்தது வராதபோது விழும் இடைவெளிதான் பாடம். எதிர்பார்த்த ஷாக் வராமல் போகும் அந்தக் கணத்தில் மூளையின் டோப்பமைன் செல்கள் துடிப்பதையும், அந்தத் துடிப்பைத் தடுத்தால் பயம் தணிவது கெடுவதையும் 2018-ல் எலிகளிடம் பார்த்தார்கள். ‘டோப்பமைன் டீடாக்ஸ்’ விற்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்: ஒன்றும் நடக்கவில்லை என்று கற்பதற்கும் அதே டோப்பமைன்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பழைய பயம் அழிவதில்லை. அதன்மேல் புதிய நினைவு ஒன்று ஏறி உட்காருகிறது. பாவ்லோவே இதைப் பார்த்தார்: அணைந்ததாக நினைத்த பழக்கம் சற்று ஓய்வுக்குப் பின் தானாகத் தலைகாட்டியது. கற்ற இடத்தைவிட்டு வேறு இடத்துக்குப் போனால் பழைய பயம் திரும்புவதை உளவியலாளர் மார்க் பூட்டன் விரிவாகக் காட்டினார். ஆகவே மேலாளரிடம் துணிந்து பேசப் பழகியவருக்கு மாமனாரிடம் நாக்கு எழாமல் போகலாம். அது தோல்வி ஆகாது. அந்த இடத்திலும் தனியாக ஒரு தடவை கற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

பெட்டியும் நாயும் இருக்கட்டும், குடும்பப் பேச்சுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். அமெரிக்க ஆய்வாளர்கள் எம்மா லெவின், டாயா கோஹன் ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினரை மூன்று நாட்களுக்கு எல்லோரிடமும் முழு நேர்மையோடு பேசச் சொன்னார்கள். அப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டி ஊகித்தவர்கள் கசப்பையும் உறவு முறிவையும் எதிர்பார்த்தார்கள். பேசிப் பார்த்தவர்களுக்கு ஊகத்தைவிட இனிமையாகவும் நெருக்கமாகவும் இருந்தது. அமெரிக்கர்களின் மூன்று நாளை வைத்து நம் கூட்டுக் குடும்பத்தின் முப்பது வருட மனத்தாங்கலை அளக்க முடியாது. ஆனால் ஊகம் கசப்பின் பக்கமே சாய்கிறது என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தவிர்ப்பவரின் ஊகத்தைத் திருத்த எந்தத் தகவலும் வந்து சேர்ந்ததில்லை.

இதிலிருந்து வாசகிக்குச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் உளவியலாளர் மிஷெல் கிராஸ்கி, பயச் சிகிச்சையில் எதிர்பார்ப்பைப் பொய்ப்பிப்பதை மையமாக வைத்தவர். அவர் வழியில் போனால், பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன்? ‘கஷ்டமாக இருக்கும்’ என்று எழுதினால் பயனில்லை, அது எப்படியும் உண்மையாகிவிடும். ‘அண்ணி என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவார், 80’ என்று சரிபார்க்க முடிந்ததாக எழுதுங்கள். பிறகு ஒரே வாக்கியம்: “அண்ணி, அந்தச் சங்கிலி எனக்கு வேண்டியிருக்கு, எப்ப தர முடியும்?” எலுமிச்சம்பழம் வேண்டாம். அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். முடிந்ததும் நடந்ததை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அண்ணி கோபப்பட்டால்கூடச் சோதனை வீணாகவில்லை. பிரச்சினையின் அளவு தெரிந்துவிட்டது, ‘அவர் கோபத்தை என்னால் தாங்கவே முடியாது’ என்ற இன்னொரு ஊகத்துக்கும் விடை கிடைத்துவிட்டது.

மின்சாரம் நின்றுபோன பெட்டிக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். எதிரில் இருப்பவர் நிஜமாகவே அடிப்பவர், மிரட்டுபவர் என்றால் விலகி இருப்பது பழக்கக் கோளாறு ஆகாது, அது அறிவு. அந்த இடத்தில் நின்று பார் என்று சொல்வது ஆபத்தான அறிவுரை. பெண்கள் அப்போது 181-ஐ அழைக்கலாம். தவிர்ப்பு வளர்ந்து, வேலைக்குப் போக முடியாத, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலைக்கு வந்துவிட்டால் தாளும் பேனாவும் போதாது. 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.