கிணறு வற்றாதிருக்க ஆற்று மணலைக் காப்போம்

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நாட்கள் வெறும் மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம் எப்போதாவதுதான் வரும். அப்படியிருந்தும் வேலூர் முதல் செங்கல்பட்டு வரை கரையோரக் கிராமங்களில் நெல்லும் கரும்பும் வாழையும் விளைந்து வந்ததற்குக் காரணம், மணலுக்குள் தங்கும் நீரேயாகும்.

மணலே நீர்த்தொட்டி

நீர் நிறைந்த பருமணலின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு நீர் கிணறுகளுக்கு ஊறி வரக்கூடியது. இந்தக் கணக்கில், ஒரு ஏக்கர் படுகையில் 1 மீட்டர் ஆழமுள்ள மணல் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் தரும். நீர்மட்டம் மேல்மணலுக்கு 2, 3 அடி கீழே இறங்கிய பின் வெயிலில் ஆவியாவதும் மிகக் குறைவு.

ஒரு லாரியில் 2 யூனிட், அதாவது 200 கன அடி மணல் போனால், சுமார் 1,400 லிட்டர் நீரைக் காத்துத் தரும் இடமும் அதோடு போய்விடுகிறது.

பள்ளத்தில் நீர் நிற்காதா?

மணல் எடுத்த பள்ளத்திலும் நீர் நிற்குமே என்று சிலர் கேட்பதுண்டு. நிற்கும், ஆனால் திறந்த நீர் வெயிலில் ஆவியாகிவிடும். வண்டல் படிந்து பள்ளத்தின் அடி இறுகுவதால், நீர் கீழே இறங்குவதும் குறையும். படுகை தாழ்ந்துவிட்டால் ஆறு கிணற்றுக்கு ஊட்டுவது போய், கிணற்றுப் பக்கத்து நீர் ஆற்றை நோக்கி வடியத் தொடங்கும். மோட்டார் இல்லாமலே வயலுக்கும் ஏரிக்கும் நீர் தந்து வந்த ஊற்றுக்கால்களின் தலைப்பு மேடாகி, அவையும் வறண்டுவிடும். கடலோரமாயின் உப்புநீர் உள்ளே புகும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. கரையை ஒட்டி உழவு செய்யாமல் சிறிது இடம் விட்டு, மழைக்கால தொடக்கத்தில் வெட்டிவேர், நாணல், மூங்கில், புங்கன் ஆகியவற்றை நட வேண்டும். இவற்றின் வேர் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

2. மழைக்கு முன் ஊற்றுக்கால்களை ஊர் கூடித் தூர் வார வேண்டும். சீமைக் கருவேலை வேரோடு அகற்ற வேண்டும்.

3. மருந்து தெளிப்பானை ஆற்றில் கழுவக் கூடாது. காலி மருந்துப் புட்டியை 3 முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடலாம்.

4. அனுமதியின்றி மணல் அள்ளப்பட்டால், நாள், நேரம், இடம் குறித்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் பலர் கையொப்பமிட்டு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதல் சீட்டு பெற வேண்டும். கிராம சபையில் தீர்மானமும் நிறைவேற்றலாம்.

கிணற்றை இன்னும் 10 அடி ஆழப்படுத்தச் செலவிடும் முன், அதற்கு நீர் ஊட்டும் ஆற்றில் மணல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். மணல் இல்லாத ஆற்றின் கரையில் எவ்வளவு தோண்டினாலும் பயன் நிலைக்காது.