டெங்குத் தடுப்பூசி: தாமதத்தின் காரணம் என்ன?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. வடகீழ்ப் பருவமழை பெய்து ஓயும் மார்கழி, தை மாதங்களில் அங்கும், அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் டெங்குக் காய்ச்சல் பற்றிய அச்சம் தலைதூக்குவது வழமையாகிவிட்டது. போலியோவுக்கும் சின்னமுத்துக்கும் தடுப்பூசி உண்டு. கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி வந்தது. டெங்குவுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம் எனப் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கின்றது.

இந்நோய் நமக்குப் புதியதல்ல. இலங்கையில் டெங்கு இருப்பது 1962 ஆம் ஆண்டில் ஆய்வுகூடப் பரிசோதனை மூலம் உறுதிசெய்யப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 186,000 இற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு, 440 பேர் உயிரிழந்தமை இதுவரை கண்டிராத பேரிழப்பாகும்.

டெங்கு வைரஸ் ஒன்றல்ல. அதில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையினால் நோயுற்றுக் குணமடைந்தவருக்கு அவ்வகைக்கு எதிரான பாதுகாப்பு ஆயுள்வரை நீடிக்கும். ஏனைய மூன்றுக்கும் எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடும். அதன் பின்னர் வேறொரு வகை தொற்றினால், முதற் தொற்றின்போது உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகள் புதிய வைரஸைப் பற்றிக்கொள்ளுமே தவிர, அதனை அழிக்கமாட்டா. மாறாக, வெண்குருதிக் கலங்களுக்குள் அது இலகுவாக நுழைவதற்கே துணைபோய்விடும். தாய்லாந்துச் சிறுவர்களிடையே 1960களில் ஆய்வு நடத்திய அமெரிக்க மருத்துவர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் இந்த உண்மையை நோக்கி உலகின் கவனத்தைத் திருப்பினார். இரண்டாவது தடவை தொற்றும் டெங்கு பெரும்பாலும் கடுமையாக இருப்பதன் இரகசியம் இதுவே. இலங்கையில் 2009 முதல் முதலாம் வகையே மேலோங்கியிருந்த நிலையில், இரண்டாம் வகை மீண்டும் தலையெடுத்த பின்னரே 2017 இன் பெருந்தொற்று ஏற்பட்டது என்பது இங்கு கவனத்திற்குரியது.

ஆகவே, டெங்குத் தடுப்பூசியானது நான்கு வகைகளுக்கும் எதிராகச் சமமான பாதுகாப்பை அளித்தாக வேண்டும். அரைகுறைப் பாதுகாப்பு, பாதுகாப்பே இல்லாததைவிட ஆபத்தானதாகிவிடலாம். பிலிப்பைன்ஸ் இப்பாடத்தைக் கசப்பான அனுபவத்தின் மூலம் கற்றது. 2015 இல் முதன்முதலாக அனுமதி பெற்ற டெங்வாக்சியா தடுப்பூசி, அங்கு 2016 ஏப்ரல் முதல் 8 இலட்சத்துக்கும் அதிகமான சிறுவர்களுக்கு ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு தொற்றியிராதவர்களுக்கு இத்தடுப்பூசியின் பின்னர் கடுமையான நோய் ஏற்படக்கூடும் என 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்ததும் திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசிகள் அனைத்தின் மீதும் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை சரிந்தது. 2019 இல் சின்னமுத்து அந்நாட்டில் பெருமளவில் பரவியமைக்கு இந்நம்பிக்கைச் சரிவும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.

அடுத்து வந்தது ஜப்பானின் டகேடா நிறுவனம் தயாரித்த கியூடெங்கா. எட்டு நாடுகளில் சுமார் 20,000 சிறுவர்களிடையே நடத்தப்பட்ட இதன் பரிசோதனையில் இலங்கைச் சிறுவர்களும் பங்குபற்றினர் என்பது பலரும் அறியாத செய்தி. நான்கரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவில், இத்தடுப்பூசி நோயை 61 சதவீதமும், வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் நிலையை 84 சதவீதமும் குறைத்தமை தெரியவந்தது. எனினும், முன்னர் டெங்கு தொற்றியிராதவர்களிடம் மூன்றாம் வகைக்கு எதிராக அது பயன் தரவில்லை. எனவேதான் நோய்ப்பரவல் அதிகமுள்ள இடங்களில், 6 முதல் 16 வயது வரையானோருக்கு மட்டும் உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் இதனைப் பரிந்துரைத்தது. ஒரே தடவை ஏற்றப்படும் புட்டன்டன் நிறுவனத்தின் தடுப்பூசியை 2025 நவம்பரில் பிரேசில் அனுமதித்தது. இந்தியாவிலும் உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 இல் ஆரம்பமாகியது.

வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை. குருதிக் கலன்களிலிருந்து நீர்ப்பாயம் கசிவதைக் குறைக்க ஒவ்வாமை மருந்தொன்று உதவுமா என்பதை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியை நீலிகா மலவிகே தலைமையிலான குழுவினர் இலங்கை நோயாளரிடையே ஆராய்ந்துள்ளனர். இத்தகைய முயற்சிகள் நம் நாட்டிலேயே நடைபெறுவது பெருமைக்குரியது.

ஆய்வுகள் கனியும் வரை நம்மைக் காப்பது விழிப்பு ஒன்றே. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே பெரும்பாலும் ஆபத்து தொடங்கும் வேளையாகும். பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது எனப் பெற்றோர் ஆறுதலடையும் அந்நேரத்தில் தீராத வயிற்றுவலி, தொடர்ச்சியான வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகளைக் கொடுத்தல் ஆகாது.

நுளம்பின் முட்டை, முழு நுளம்பாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதன் முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் அழியாதிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆதலால் கூரைப் பீலியையும், வளவில் வீசப்பட்ட சிரட்டையையும் கோம்பையையும், வீட்டு நீர்த்தொட்டியையும், பள்ளிவாசல் ஹவ்ழையும், கோயில் நீர்த்தாங்கியையும் வாரம் ஒருமுறை பார்வையிடுவது அவசியம். வேலிக்கு இப்பால் பிறந்த நுளம்பு அப்பாலுள்ள பிள்ளையைக் கடிக்கும். தடுப்பூசி நம் கிராமங்களை வந்தடையும் நாளிலும் இந்தக் கடமை நம்மை விட்டு நீங்கப்போவதில்லை.