நாமினி பணத்தை வாங்கலாம், வைத்துக்கொள்ளலாமா?

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சில குடும்பங்களில் முதலில் தேடப்படுவது மவ்த்தானவரின் ஏடிஎம் கார்டு. செலவுக்குத்தான் எடுக்கிறார்கள், நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பணம் இனி அவருடையதல்ல. ரகசிய எண் தெரியும் என்பதற்காக ஒருவர் எடுப்பது சட்டப்படி தவறு. பின்னாளில் சகோதரர்களுக்குள் மனக்கசப்பும் அதிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பிறகு இறப்புச் சான்றிதழுடன் வங்கிக்குத் தெரிவியுங்கள். நாமினி இருந்தால் அவரது அடையாள அட்டையும் வங்கி தரும் விண்ணப்பமும் போதும். வாரிசுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் போன்றவை தேவைப்படும். தகராறு இருந்தால் நீதிமன்றம் வரை போக நேரும்.

இங்கேதான் பலரும் தவறுகிறோம். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்லர். வங்கிக் கணக்கு விஷயத்தில் உச்ச நீதிமன்றமும் 2010இல் இதையே சொன்னது. அவர் கையில் இருப்பது அமானிதம்.

அந்தப் பணத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு. அடுத்து கடன், மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். பிறகு, வஸிய்யத் இருந்தால், மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு.

ஓர் உதாரணம்: இவையெல்லாம் போக 2,40,000 ரூபாய் மிஞ்சுகிறது. மனைவி, தாயார், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். தகப்பனார் முன்பே மவ்த்தாகிவிட்டார். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. தாயாருக்கு ஆறில் ஒன்று, 40,000. மீதி 1,70,000இல் மகனுக்கு 68,000, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 34,000. நாமினியாக மகன் பெயர் மட்டும் இருந்தாலும் கணக்கு இதுதான். கட்டிக்கொடுத்த மகளுக்கும் வயதான தாயாருக்கும் உள்ள பங்கு நாம் தரும் சலுகையல்ல, அல்லாஹ் விதித்த ஹக்கு. உங்கள் குடும்பத்தின் பங்கை ஆலிம் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு நோட்டில் உங்கள் கணக்குகளையும், கொடுக்க வேண்டிய, வர வேண்டிய கடன்களையும் எழுதி, வீட்டில் நம்பிக்கையான இருவரிடம் சொல்லி வையுங்கள். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் அதையும் கேட்டுப் பெறலாம்; ஆனால் கணக்கு இருப்பதே தெரியாவிட்டால் யார் கேட்பது?

பிறர் ஹக்கு நம் கையில் தங்கிவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக, ஆமீன்.