ஈறு காத்தல்

பல்லின் அழகைப் பாராட்டாத புலவர் நம் நாட்டில் அரியர். முல்லையரும்பென்றும் முத்தென்றும் அதனைப் புனைந்துரைத்த செய்யுட்களை வகுப்பில் நாடோறும் பயில்கின்றோம். அப்பல்லைத் தாங்கி நிற்கும் ஈற்றை நினைந்தார் சிலரே. யாமும் ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் ஒரு மாலை அமர்ந்த பின்னரே அதனை நினைந்தோம்.

அடையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை அடுத்துள்ளது அம்மீனவர் ஊர். யாமும் நண்பர் இருவரும் ஆங்குச் சென்றபோது, படகின் நிழலில் ஒருவர் வலையைச் சீர்செய்து கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிற்கு மேற்படாதவர். பக்கத்திலிருந்தோர் முடிச்சிட்டபின் நூலைப் பல்லாற் கடித்தறுத்தனர். அவரோ ஒவ்வொரு முறையும் கத்தியைத் தேடினார். காரணம் வினவியபோது கீழுதட்டைத் தாழ்த்திக் காட்டினார். முன்பற்கள் நான்கும் விரல் பட்டவுடன் அசைந்தன. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. "தேய்த்தால் இரத்தம் வருகிறது தம்பி, அதனால் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். வயதானால் பல் விழத்தானே செய்யும்?" என்றார். அவர் காலடியிற் கிடந்த நாய் அப்பொழுது கொட்டாவி விட்டது. அதன் கடைவாய்ப் பற்கள் பழுப்பு நிறக் காரை பூசினாற்போல் இருந்தன, நாற்றமோ சொல்லுந்தரமன்று.

அம்மீனவர் கூறிய இரண்டும் பலரும் கூறுவனவே, இரண்டும் பிழை. ஈற்றில் இரத்தம் வருவது பெரும்பாலும் தேய்ப்பதனால் அன்று, தேய்க்காமையால். துலக்கிய பல்லின்மேல் சில மணி நேரத்திற்குள் கிருமிகள் குடியேறத் தொடங்கி, கண்ணுக்குப் புலனாகாத பசைப்படலமாகப் படிகின்றன. வாய் கொப்புளித்தலால் அது நீங்காது, தேய்த்தே நீக்கவேண்டும். நீக்காது விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதிற் சேர்ந்து கல்லாய் இறுகும். அதுவே பற்காரை. கிருமிகளை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புதலால் ஈறு வீங்கிச் சிவக்கின்றது. சிறிது தொட்டாலும் கசிகின்றது. இந்நிலையில் எலும்பிற்குக் கேடில்லை. 1965ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் ஆர்கஸ் நகரில் ஹாரால்டு லோ என்னும் அறிஞரும் துணைவரும், நல்ல ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈற்றழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் அது மறைந்தது. ஆகவே, இரத்தங்கண்டு அஞ்சித் தேய்ப்பதை நிறுத்துவது, நெருப்புக்கு அஞ்சி நீர்க்குடத்தை ஒளித்து வைப்பதை ஒக்கும்.

அழற்சி நீடிப்பின், சிலர்க்கு அது கீழிறங்கிப் பல்லைத் தாடையொடு பிணிக்கும் நார்களையும் எலும்பையும் அரிக்கும். அங்ஙனம் இழந்த எலும்பு பெரும்பாலும் தானே மீளாது; மேலும் இழவாமற் காப்பதே மருத்துவத்தின் முதற்கடமை.

வயது பற்றிய ஐயத்திற்கு விடை தந்தவர் நம்மினத்தவரே என்பது பலரும் அறியாதது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் கூலிவேலை செய்த 480 தமிழ் ஆடவரின் வாய்களை 1970 முதல் 1985 வரை மேற்கூறிய லோவும் துணைவரும் பலமுறை ஆய்ந்தனர். அவர்கள் பல் துலக்கும் வழக்கமும் மருத்துவ உதவியும் இல்லாதவர். எல்லார் பல்லிலும் காரை நிறைந்திருந்தும், நூற்றுக்கு 11 பேர்க்கு எலும்புக் கேடு வளரவில்லை. 81 பேர்க்கு மெல்ல வளர்ந்தது. 8 பேர்க்கு விரைந்து வளர்ந்தது. அவ்வெண்மர் வகையினர் இருபது வயதிலேயே பல்லிழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்திற்குள் அனைத்தையும் இழந்தனர். எனவே, பல் வீழ்வது முதுமையின் விதியன்று, நோயின் செயல். உலகமெங்கும் மருத்துவ மாணவர் படிக்கும் இவ்வுண்மை நம்மவர் வாய்களினின்று அளந்தெடுக்கப்பட்டது. நம் குப்பத்து மீனவர்க்கோ இன்னும் எட்டவில்லை.

நிற்க. புகைப்போர்க்கு இந்நோய் மிகும். ஆயின் ஈற்று இரத்தக்கசிவு குறைந்து தோன்றுதலால் நோய் மறைந்தே வளரும். நீரிழிவு ஈற்று நோயை வளர்க்கும். ஈற்று நோயும் நீரிழிவைக் கட்டுக்கடங்காமற் செய்யும்.

நாய்க்கு 42 பற்கள், நமக்கு 32. அதன் உமிழ்நீர் நம்மதினும் காரத்தன்மை மிக்கதாதலால் சொத்தை அரிது, காரையோ விரைந்து படியும். வாய் சிறுத்துப் பற்கள் நெருங்கிய பொமரேனியன் முதலிய சிறு சாதி நாய்கள் மிகவும் வருந்தும். "நாய் வாய் நாறத்தான் செய்யும்" என்பது நம் சோம்பல் கற்பித்த மொழி.

பெருவாயின் முள்ளியார் ஆசாரக்கோவையில் பற்குச்சி மெல்லுதலை வைகறைக் கடனாக வைத்தார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நல்லனவே; நார்போல் மென்று ஈற்றோரம் தேய்ப்பதிலேதான் பெரும்பயன். கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துக் கரைக்கும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைதலால் இரவிலும் துலக்கவேண்டும். மென்மையான பிரஷும் புளோரைடு கலந்த பசையும் போதும். பல்லிடைகளையும் தூய்மை செய்தல் நன்று. இறுகிய காரையை மருத்துவரே நீக்கவல்லார். பிராட்வேயை அடுத்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இதற்கு உள்ளது. காரையெடுத்தாற் பல் ஆடும் என்பர். உண்மையில் எலும்பிழந்த பற்களைக் காரை சிறிது பிணித்து நின்றது. அது நீங்கவே முன்னிருந்த ஆட்டம் வெளிப்படுகின்றது.

நாய்க்கும் நாடோறும் துலக்குதலே சிறந்தது. பல்லின் வெளிப்புறம் முதன்மையானது. நமது பற்பசையை இடலாகாது. நாய் அதனை விழுங்கும். சில பசைகளிலுள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. வல்லெலும்பு பல்லைப் பிளக்கும். ஈற்றின் அடியிலுள்ள காரையைக் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தே நீக்குவர். மேற்புறம் மட்டும் சுரண்டுவது வீண்.

சில வாரங்கழித்து மீண்டும் அக்குப்பத்திற்குச் சென்றோம். அம்மீனவர் பல் மருத்துவரிடம் சென்று வந்திருந்தார். இரண்டை எடுத்துவிட்டனர், இரண்டு நிற்கும் என்றனராம். நூலை இன்னும் கத்தியால்தான் அறுக்கின்றார். நாயின் பல்லைத் துணி சுற்றிய விரலால் துடைக்க முயன்றதையும் சொன்னார். முதல் நாள் உறுமிற்றாம்; மத்தி மீன் ஒன்றைக் காட்டியபின் வாய் திறந்ததாம். காரை அப்படியே இருந்தது. வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்கு அதனை எவ்வாறு கொண்டுபோவது என்று எம்மைக் கேட்டார்.